ஒருமை வேண்டும் இடமும் பன்மை வேண்டும் இடமும்
விக்கிச் சேவையகங்களின் பணிசெயல் முறைமை குறித்துச் சில கருத்துக்கள்

1

அறிவு நிலைபெறுவதற்கு எழுத்து மட்டும் போதாது. எழுத்தைத் தாங்கும் பொருளும், அப்பொருளைப் பேணும் முறையும் வேண்டும். ஓலையில் எழுதிய காலத்தில் அதனைப் பதப்படுத்துவதற்கும், துளையிடுவதற்கும், சிதையுமுன் படியெடுப்பதற்கும் வழக்காறுகள் இருந்தன. அவ்வழக்காறுகள் பேணப்பட்ட இடங்களில் நூல் பிழைத்தது; பேணப்படாத இடங்களில் செல்லுக்கு இரையாயிற்று. நூலின் சிறப்புக்கும் அதன் ஆயுளுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருந்ததில்லை என்பது தமிழிலக்கிய வரலாற்றைப் பயின்றோர் அனைவரும் அறிந்ததொன்று.

இன்று அறிவைத் தாங்கும் பொருள் மாறியுள்ளது. 1995 ஆம் ஆண்டில் வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க நிரலாளர் முதல் விக்கியை இணையத்தில் நிறுவினார். 2001 ஆம் ஆண்டு சனவரியில் விக்கிப்பீடியாவும், 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறப்பு மலர்களையும் மின்வடிவில் பேணுவதற்கு, விக்கிப்பீடியா பயன்படுத்தும் மீடியாவிக்கி என்ற அதே மென்பொருளையே கைக்கொண்டது. பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வுக் குழுக்களும் சங்கங்களும் தத்தம் விக்கிகளை நிறுவும் காலம் இது. எனவே, விக்கி இயங்கும் சேவையகத்தில் எந்தப் பணிசெயல் முறைமை இருத்தல் வேண்டும், அதனை யார் தீர்மானித்தல் வேண்டும் என்ற வினாக்கள் கணனிக்கூடத்துக்குள் மட்டும் பேசப்பட வேண்டியவை அல்ல. அறிவின் ஆயுள் பற்றி அக்கறை கொண்டோர் அனைவருக்கும் உரியவை.

எமது வாதம் வருமாறு: விக்கிகளை நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தனது சேவையகங்கள் அனைத்துக்கும் ஒரேயொரு பணிசெயல் முறைமையை எழுத்து மூலமான நியமமாக வகுத்தல் வேண்டும். அந்நியமம் நிருவாகியின் விருப்பிலன்றி, முறைமையின் ஆயுள், அதன் உரிமை யாரிடம் உள்ளது என்பவற்றின் அடிப்படையில் வகுக்கப்படல் வேண்டும். இக்கருத்தை மறுப்போர் பலர் உளர். அவர்தம் மறுப்புக்கள் எவ்வளவு தூரம் பொருந்துவன என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலாவது மறுப்பு அலட்சியத்திலிருந்து எழுவது. “உள்ளடக்கமே முக்கியம், அடியில் எந்த முறைமை இயங்கினால் என்ன?” என்பர். விக்கி தனித்து நிற்பதொன்றன்று என்பதை இக்கூற்று மறந்துவிடுகிறது. மீடியாவிக்கி பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அது இயங்குவதற்குப் பிஎச்பி விளக்கி, தரவுத்தளம், வலைச் சேவையக மென்பொருள், எண்ணற்ற துணை நூலகங்கள் ஆகியன வேண்டும். இவையனைத்தையும் பொதிகளாகத் தொகுத்து, ஒன்றோடொன்று பொருந்தச் செய்து, பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவது பணிசெயல் முறைமையே. அத்தளம் முதுமையெய்தும்போது மேலுள்ள விக்கியும் முடங்கிப்போகிறது.

உதாரணமொன்று தருவோம். 2018 இல் வெளிவந்த மீடியாவிக்கி 1.31 நீண்டகால ஆதரவுப் பதிப்பாகும். அதற்குப் பிஎச்பி 7.0 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டியிருந்தது. அக்காலத்தில் சேவையகங்களில் பெருவழக்கிலிருந்த சென்ற் ஓஎஸ் 7 தன்னுடன் தந்ததோ பிஎச்பி 5.4. ஆகவே, அம்முறைமையில் விக்கி நடத்திய நிருவாகி இரண்டிலொன்றைச் செய்யவேண்டியவரானார்: விக்கியைப் பழைய பதிப்பிலேயே விட்டுவைத்தல், அல்லது வெளியார் களஞ்சியமொன்றிலிருந்து புதிய பிஎச்பியைக் கொணர்ந்து பொருத்துதல். முதலாவதில் பாதுகாப்புக் குறைந்தது. இரண்டாவதிலோ, அவர் செய்த ஒட்டுவேலை அவருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாயிற்று. அவர் பட்டம் பெற்றோ பதவி மாறியோ சென்றபின், அடுத்து வந்தவர் வழமையான இற்றைப்படுத்தலைச் செய்ய, விக்கி விழுந்தது. இவ்வாறு விழுந்தவற்றுட் பல பின்னர் எழவேயில்லை. தன்னார்வலரும் மாணவரும் நடத்தும் தளங்கள் மறைவதற்கு மூலமுறைமை பற்றிய நினைவின்மை ஒரு பெருங் காரணமாகும்.

தமிழைப் பொறுத்தவரை இதற்கு இன்னுமொரு பரிமாணமுண்டு. விக்கியிலே பகுப்புக்களின் கீழ்த் தலைப்புக்களை அந்தந்த மொழியின் அகரவரிசையில் நிறுத்துவதற்கு ஐசியூ என்ற துணை நூலகம் பயன்படுகிறது. இதன் பதிப்பு பணிசெயல் முறைமைக்கு முறைமை வேறுபடுவது. பதிப்பு மாறும்போது, தரவுத்தளத்தில் முன்னர் எழுதப்பட்ட வரிசைச் சாவிகள் புதியனவற்றோடு பொருந்தாதுபோகலாம். அவற்றை மீளக் கணித்தல் வேண்டும். ஒரே விக்கியைத் தாங்கும் இரு சேவையகங்கள் இரு வேறு பதிப்புக்களைக் கொண்டிருப்பின், ஒரே பட்டியலில் இரு வகை ஒழுங்குகள் கலந்துவிடும். அதுபோலவே, வரைபடங்களில் உள்ள தமிழெழுத்துக்களைச் சேவையகமே படமாக்கும்போது, அச்சேவையகத்தில் தமிழ் எழுத்துரு இல்லாவிடின் எழுத்துக்களுக்குப் பதிலாக வெறும் கட்டங்களே தோன்றும். ஆங்கிலத்தில் விக்கி நடத்துவோர் இத்தொல்லையை உணராதிருக்கலாம். தமிழில் நடத்துவோர், அடித்தளம் எதுவாயினும் சரியே எனக் கூறவியலாது.

3

இரண்டாவது மறுப்பு சுதந்திரத்தின் பெயரால் எழுவது. ஒவ்வொரு நிருவாகியும் தாம் நன்கறிந்த முறைமையைத் தெரிவதே சிறந்தது என்றும், நியமம் வகுப்பது அதிகாரவாதம் என்றும் சிலர் கூறுவர். இவ்வாதத்தைச் சோதிப்பதற்கு விக்கிப்பீடியாவின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம்.

விக்கிமீடியா அறக்கட்டளையின் தொடக்ககாலச் சேவையகங்கள் நன்கொடையாலும் தேவையாலும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. அவற்றில் ரெட் ஹற், பெடோரா ஆகியவற்றின் பல்வேறு பதிப்புக்கள் கலந்திருந்தன. இக்கலப்பு திட்டமிட்டு உருவானதன்று. ரெட் ஹற் நிறுவனம் 2003 இல் தனது இலவச வெளியீட்டின் இறுதிப் பதிப்பான 9 ஐ வெளியிட்டு, 2004 ஏப்பிரலுடன் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அதன் பின்னர் இரு வழிகளே எஞ்சின: கட்டணம் செலுத்திப் பெறும் நிறுவனப் பதிப்பு, அல்லது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொன்றாக வெளிவந்து, பதின்மூன்று மாதமளவில் ஆதரவிழக்கும் பெடோரா. ஒரு சேவையகம் எந்த மாதத்தில் வாங்கப்பட்டதோ அந்த மாதத்தின் பதிப்பே அதன் தலைவிதியாயிற்று.

2008 இல் அறக்கட்டளை இந்நிலையை முடிவுக்குக் கொணர்ந்தது. ஏறத்தாழ 400 சேவையகங்களும் உபுண்டு 8.04 இற்கு மாற்றப்படுவதாக அவ்வாண்டு ஒக்ரோபரில் செய்தி வெளியாயிற்று. அப்பதிப்பின் சேவையக வடிவத்துக்கு ஐந்தாண்டு ஆதரவு உறுதியளிக்கப்பட்டிருந்தது. உலகில் மிக அதிகமாகப் பார்வையிடப்படும் தளங்களுள் ஒன்றை மிகச் சிறிய தொழில்நுட்பக் குழுவொன்று நடத்திய காலம் அது. ஒரு திருத்தத்தை ஒருமுறை சோதித்து எல்லா இடத்திலும் இடுவதற்கும், ஐந்து வகைப் பதிப்புக்களில் ஐந்து முறை சோதிப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடு, பெருநிறுவனத்தைவிடச் சிறு குழுவுக்கே உயிர்நிலையானது. ஆட்பலம் குறைந்தோர்க்குத்தான் நியமம் இன்றியமையாதது. எமது சங்கங்களும் துறைகளும் ஆட்பலத்தில் எந்நிலையில் உள்ளன என்பதை விளக்கவேண்டியதில்லை.

நிருவாகியின் சுதந்திரம் என்பது இங்கு யாருடைய சுதந்திரம்? இன்றைய நிருவாகி தம் விருப்பப்படி தெரிவு செய்யும்போது, நாளைய நிருவாகி அத்தெரிவின் கைதியாகிறார். அவருடைய சுதந்திரம் கணக்கில் எடுக்கப்படவில்லை. விக்கியின் உள்ளடக்கத்தை எழுதிய நூற்றுக்கணக்கானோரின் உழைப்பும் கணக்கில் எடுக்கப்படவில்லை. ஒருவரின் பழக்கத்தைச் சுதந்திரம் என்று பெயரிட்டுப் பலரின் உழைப்பைப் பணயம் வைப்பதையே இவ்வாதம் நியாயப்படுத்துகிறது.

நியமம் என்பது மாறாத சமயக் கோட்பாடுமன்று. 2015 இல் டெபியன் 8 வெளியான பின்னர் விக்கிமீடியா படிப்படியாக உபுண்டுவைக் கைவிட்டு டெபியனுக்கு மாறியது. “பார்த்தீர்களா, அவர்களே தமது நியமத்தை மாற்றிவிட்டார்கள்” என்று சிலர் இதனை எமக்கெதிரான சான்றாகக் காட்டுவதுண்டு. உண்மையில் இது எமது கட்சிக்கே வலுச்சேர்க்கிறது. எங்கிருந்து புறப்படுகிறோம் என்பது தெளிவாக இருந்தமையாலேயே எங்குச் செல்வது என்பதையும் திட்டமிட முடிந்தது. ஒருமைப்பட்ட கூட்டத்தை ஒரு திட்டத்தின்படி நகர்த்தலாம். சிதறிய கூட்டத்தை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்தல் வேண்டும். நியமமே மாற்றத்தைச் சாத்தியமாக்குகிறது.

4

மூன்றாவது மறுப்பே கனதியானது. எல்லாச் சேவையகங்களும் ஒரே முறைமையில் இயங்கின், அதிலுள்ள ஒரு குறை அனைத்தையும் ஒருங்கே வீழ்த்தும் என்பது அதன் சாரம். ஒரே பயிரை ஊரெங்கும் விதைத்தால் ஒரு நோய் ஊரையே பட்டினி போடும் என்பதை விவசாய சமுதாயமொன்றுக்கு விளக்கவேண்டியதில்லை. 2003 இல் டான் கியர் முதலிய பாதுகாப்பு ஆய்வாளர் வெளியிட்ட அறிக்கையொன்று, உலகக் கணனிகளுட் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் முறைமையில் தங்கியிருப்பதன் ஆபத்தை இவ்வகையில் எடுத்துரைத்தது.

இவ்வாபத்து கற்பனையன்று. 2006 இல் டெபியன் தொகுப்பாளர் ஓப்பின்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க மென்பொருளில் செய்த ஒரு சிறு மாற்றம், எழுந்தமானமாக அமையவேண்டிய சாவிகளை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக ஆக்கிவிட்டது. ஒரு குறித்த வகைக்கும் நீளத்துக்கும் 32,768 சாவிகளே சாத்தியமாயின. 2008 மே மாதத்திலேயே இது வெளிப்பட்டது. டெபியனிலிருந்து உருவாகும் உபுண்டுவும் இதனாற் பாதிக்கப்பட்டது. விக்கிமீடியா தெரிந்த 8.04 உம் அவற்றுள் ஒன்றாகும். ஒருமையை வேண்டுவோர் இந்நிகழ்ச்சியை மறைத்துவிட்டு வாதிடுதல் நேர்மையாகாது.

ஆயின் அந்நிகழ்ச்சியைச் சற்று ஆழமாக நோக்குமிடத்து, கலப்பு அதற்கு மருந்தாக அமையவில்லை என்பது புலனாகும். டெபியன் கணனியில் உருவாக்கிய பலவீனமான சாவியொன்றை வேறு முறைமை இயங்கும் சேவையகத்தில் நுழைவதற்கு அனுமதித்திருந்தால், அச்சேவையகமும் திறந்த வீடாகவே நின்றது. ஒரு நிறுவனத்தின் சேவையகங்கள் தீவுகள் அல்ல. ஒன்றையொன்று நம்பி இயங்குபவை. ஒரு முறைமையின் ஓட்டை ஏனையவற்றுக்கும் வாயிலாகிறது. எனவே, நான்கு முறைமைகளைக் கலந்து வைத்திருப்பவர் நான்கின் குறைகளுக்கும் தம்மை இலக்காக்குகிறாரேயன்றி, ஆபத்தை நான்கிலொன்றாகக் குறைப்பதில்லை.

2014 ஏப்பிரலில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறையும் இதனையே உணர்த்துகிறது. அது ஓப்பின்எஸ்எஸ்எல் மென்பொருளின் மூலத்திலேயே இருந்தது. ஆதலின், அதன் 1.0.1 வரிசையைத் தந்த முறைமை எப்பெயர் கொண்டதாயினும் பாதிக்கப்பட்டது. அதற்கு முந்திய வரிசையைக் கொண்ட பழைய முறைமைகள் தப்பின என்பது மெய். ஆனால் அத்தப்புதலை எவரும் திட்டமிட்டிருக்கவில்லை. அதனை ஒரு கொள்கையாகக் கொள்ளவும் இயலாது. அன்று ஒவ்வொரு நிருவாகியும் முதலிற் கேட்க வேண்டியிருந்த கேள்வி ஒன்றே: எம்மிடமுள்ள எந்தச் சேவையகத்தில் எந்தப் பதிப்பு உள்ளது? நியமம் இருந்த இடத்தில் விடை ஏட்டில் இருந்தது. நியமமற்ற இடத்தில் அதனைத் தேடுவதிலேயே காலம் கழிந்தது.

ஆகவே, பன்மை வேண்டுவது எங்கே, ஒருமை வேண்டுவது எங்கே என்பதைப் பிரித்தறிதல் அவசியம். உலகளாவிய நிலையில், சமுதாயம் முழுவதும் ஒரே முறைமையில் தங்கியிருத்தல் ஆபத்தானது. அங்குப் பன்மையே காப்பு. ஒரு நிறுவனத்தின் உள்ளே, சிலரே பேணவேண்டிய சில சேவையகங்களில், ஒருமையே காப்பு. நாட்டில் பலவகை நெல்லினங்கள் இருத்தல் வேண்டும். அதனால் ஒரே வயலில் வெவ்வேறு காலத்தில் முற்றும் நான்கு இனங்களைக் கலந்து விதைப்பவன் புத்திசாலியாகிவிடமாட்டான். நிறுவனத்துள் வேண்டப்படும் பன்மைக்குரிய இடம் காப்புப்பிரதியாகும். விக்கியின் உள்ளடக்கத்தை எக்ஸ்எம்எல் வடிவில் வெளியெடுத்து, வேறிடத்தில், வேறு முறைமையில், வேறொருவர் பொறுப்பில் வைத்தலே உண்மையான பன்மை. முறைமைகளைக் கலந்து வைத்துவிட்டுக் காப்புப்பிரதி எடுக்காதோர் பன்மை பற்றிப் பேசும் தகுதியை இழந்தோராவர்.

5

நான்காவது மறுப்பு அண்மைக்காலத்தது. மென்பொருளைக் கொள்கலன்களில் அடைத்து இயக்கும் முறை பரவியுள்ளமையால், அடியிலுள்ள முறைமை பொருட்டன்று என்பர். கொள்கலன் வெறுமையானதன்று, அதனுள்ளும் ஒரு பணிசெயல் முறைமையின் கோப்புக்களும் நூலகங்களும் உள்ளன. விக்கிமீடியா தனது மீடியாவிக்கியைக் கொள்கலன்களுக்கு மாற்றியபோதும் அவற்றின் அடிப்படையாக டெபியனையே கொண்டது. கொள்கலன் நியமத்தின் தேவையை நீக்கவில்லை. அதனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தியுள்ளது. யாரோ உருவாக்கிய கொள்கலனை உள்ளே இருப்பது என்னவென்று அறியாது இறக்கி இயக்குவோர், பழைய கலப்பை மூடிய பெட்டிக்குள் வைத்துப் பேணுவோரேயாவர்.

ஐந்தாவது மறுப்பு புதுமை மோகத்தினடியாக எழுவது: எப்போதும் மிகப் புதிய பதிப்பையே இயக்குதல் வேண்டும் என்பது. 2024 மார்ச்சில், எக்ஸ்இஸட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில் திட்டமிட்டு ஒளித்துவைக்கப்பட்ட கள்ளவாயிலொன்று கண்டுபிடிக்கப்பட்டது. சேவையகத்துள் நுழைவதில் ஏற்பட்ட சிறு தாமதத்தை ஆராயப் புகுந்த அன்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற நிரலாளரே அதனை வெளிப்படுத்தினார். அது டெபியனின் சோதனைப் பதிப்புக்களை எட்டியிருந்தது. நிலைபேறான பதிப்பை எட்டவில்லை. புதுமையைத் தாமதித்து ஏற்பது பழமைவாதம் என்று ஏளனம் செய்வோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

6

இனி, நியமமாக எதனைத் தெரிவது? முறைமை எத்தனை ஆண்டு ஆதரவு பெறும் என்பது முதலாவது அளவுகோல். அவ்வாக்குறுதியை யார் மீறமுடியும் என்பது இரண்டாவது. முன்னதைப் பலரும் கேட்பர். பின்னதைக் கேட்போர் மிகச் சிலரே.

2019 செப்ரெம்பரில் சென்ற் ஓஎஸ் 8 வெளிவந்தபோது, அது 2029 வரை பேணப்படும் என்றே கருதப்பட்டது. அதனை நம்பிப் பல்கலைக்கழகங்களும் ஆய்வுகூடங்களும் தம் சேவையகங்களை அமைத்தன. 2020 டிசெம்பர் 8 ஆம் திகதி, அது 2021 இறுதியுடன் நிறுத்தப்படும் என்ற அறிவித்தல் வந்தது. பத்தாண்டு என எண்ணியது ஈராண்டளவில் முடிந்தது. சென்ற் ஓஎஸ் 2014 முதல் ரெட் ஹற் நிறுவனத்தின் அணைப்பில் இருந்தது. ரெட் ஹற் 2019 இல் ஐபிஎம் நிறுவனத்தின் உடைமையாயிற்று. பயனாளர் சமூகம் ஒன்று இருந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் அதனிடம் இருக்கவில்லை. அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் ஆகியன 2021 இல் தோன்றி அவ்விடத்தை நிரப்பியமை வேறு கதை. 2004 இல் ரெட் ஹற் 9 இற்கு நேர்ந்ததே வேறு வடிவில் மீண்டும் நேர்ந்தது என்பதே நாம் கற்கவேண்டிய பாடம். இலாபத்தின் பொருட்டு இயங்கும் நிறுவனம் தனது நலனுக்கேற்ப முடிவெடுப்பது அதன் இயல்பு, அதில் வியப்பில்லை. அந்நலன் எமது நலனுடன் என்றும் ஒத்திருக்கும் என நம்பி நூலகம் கட்டுவதே வியப்புக்குரியது.

டெபியன் 1993 இல் தோன்றியது. 1997 இல் அதன் சமூக ஒப்பந்தமும், 1998 இல் அதன் யாப்பும் ஏற்கப்பட்டன. ஆண்டுதோறும் அதன் தலைவர் உறுப்பினரால் தெரிவு செய்யப்படுகிறார். அதனை விலைக்கு வாங்க எவராலும் இயலாது. விற்பதற்கு உரிமையாளர் எவருமிலர். ஏறத்தாழ ஈராண்டுக்கொரு நிலைபேறான பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றும் நீண்டகால ஆதரவுடன் சேர்த்து ஐந்தாண்டளவு பேணப்படுகிறது. விக்கியின் தேவைகளுடனும் இது பொருந்துகிறது: 2024 டிசெம்பரில் வந்த மீடியாவிக்கி 1.43 நீண்டகால ஆதரவுப் பதிப்புக்குப் பிஎச்பி 8.1 போதும், 2023 யூனில் வந்த டெபியன் 12 தன்னுடன் தருவது 8.2. வெளியார் களஞ்சியம் தேவையில்லை; ஒட்டுவேலை தேவையில்லை. டெபியனும் தவறிழைத்ததுண்டு என்பதை மேலே காட்டினோம். ஆயின் அத்தவறு பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது, பகிரங்கமாகத் திருத்தப்பட்டது. தவறே செய்யாத முறைமை எங்குமில்லை. தவறு நேர்ந்தால் யாரிடம் கணக்குக் கேட்கலாம் என்பதே வினா.

எனவே, விக்கி நடத்தும் ஒவ்வொரு துறையும் சங்கமும் பின்வருவனவற்றை ஒரு பக்கத்தில் எழுதி, பொதுக்கூட்டத்தில் ஏற்று, கூட்டறிக்கையிற் பதிதல் வேண்டும்: எமது சேவையகங்களின் பணிசெயல் முறைமை எது, அதன் பதிப்பு எது, அப்பதிப்பின் ஆதரவு முடியும் திகதி எது, அதற்கு ஓராண்டு முன்னரே அடுத்த பதிப்பைச் சோதிப்பதற்குப் பொறுப்பானவர் யார், முறைமையின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியேயிருந்து எதுவும் எழுத்து மூலமான காரணமின்றி நிறுவப்படலாகாது என்பது, காப்புப்பிரதி எங்குள்ளது, அதிலிருந்து விக்கியை மீட்டெடுத்துப் பார்த்த இறுதி நாள் எது. நிருவாகிகள் மாறுவர்; அப்பக்கம் மாறாதிருக்கும், அல்லது யாவரும் அறிய மாறும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்தோம். அவ்வழிவு பகைமையால் நேர்ந்தது. அதன் நினைவே நூல்களை மின்வடிவிற் பேணும் முயற்சிகள் பலவற்றுக்கு உந்துதலாயிற்று. சேவையகம் ஒன்று கவனிப்பாரின்றி வீழ்வதை அதனோடு ஒப்பிடுதல் தகாது. ஆனால் அன்று இழப்பைத் தடுக்கும் வலு எம்மிடம் இருக்கவில்லை. இன்று ஒரு பக்கத்து நியமத்தை எழுதாமையால் இழப்போமாயின், குற்றஞ்சாட்டுவதற்கு வேறெவரும் இரார்.